ஊசிக் கணக்கு சரியா? குழந்தைத் தடுப்பூசிச் சதவீதம் பற்றித் தாராவித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவியின் தமிழ்ச் சால்களில் (வரிசைக் குடியிருப்புகளில்) வீடு வீடாகப் போய், குழந்தைகளுக்கு எந்தெந்தத் தடுப்பூசி போட்டாயிற்று என்று விவரம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வாசலில் நின்று தாய்மார்கள் கேட்பவை, புதிதாக எங்களோடு சேரும் பிள்ளைகள் கேட்பவை, பேப்பரில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் கேட்பவை என்று பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

‘இத்தனை சதவீதக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று’ என்று செய்தியில் வருகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, அரசுப் பதிவேடு. ஹெல்த் போஸ்ட் (மாநகராட்சியின் சின்னச் சுகாதார நிலையம்), ஆஸ்பத்திரி, அங்கன்வாடி முகாம் ஆகிய இடங்களில் போட்ட ஊசிகளை மாதாமாதம் கூட்டுவார்கள். அந்தப் பகுதியில் எத்தனை குழந்தைகள் இருக்க வேண்டும் என்று ஒரு இலக்கு எண் வைத்திருப்பார்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் சதவீதம் கிடைத்துவிடும். மற்றொன்று வீட்டாய்வு. சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து நேரில் போய், குழந்தையின் கார்டைப் பார்த்து எழுதுவது. தேசிய குடும்ப நல ஆய்வு இந்த வகை.

இவை இரண்டும் ஒரே எண்ணைத் தருவது அபூர்வம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் தனியாக ஒரு மதிப்பீடு போடுகின்றன. புதுத் தகவல் வந்தால் பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்துகிறார்கள். ஆகவே ஒரு சதவீதத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது ‘எதால் வகுத்தீர்கள்?’ என்பதைத்தான்.

சில இடங்களில் 100-ஐத் தாண்டி 104 சதவீதம் என்றுகூட வருமாமே? இருக்கிற குழந்தைகளைவிட அதிகமாக எப்படிப் போட முடியும்?

போட்ட ஊசி உண்மையாகவே இருக்கலாம். கீழே இருக்கும் எண், அதாவது வகுக்கும் இலக்கு எண்தான் தப்பு. இலக்கு எண் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது: இத்தனை பேர், ஆயிரத்துக்கு இத்தனை பிறப்பு, அதில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளைக் கழி. நம்மிடம் இருக்கும் முழுக் கணக்கெடுப்பு 2011-இல் எடுத்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய் 2027-க்கு வந்திருக்கிறது. இடையில் இந்த நகரத்துக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் மதிப்பீடுதான். தாராவியில் ஆறு லட்சம் பேர் என்பார்கள், பத்து லட்சம் என்பார்கள். மொத்தத்திலேயே இவ்வளவு இடைவெளி இருந்தால், அதில் ஒரு வயதுக் குழந்தைகள் எத்தனை என்பதை எப்படி அடித்துச் சொல்வது?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு பகுதிக்கு இலக்கு 1,000 குழந்தைகள், போட்டது 1,020. பதிவேட்டில் 102 சதவீதம். உண்மையில் அங்கே 1,200 குழந்தைகள் இருந்தால் அது 85 சதவீதம்தான். 180 குழந்தைகள் விடுபட்டிருக்கிறார்கள், ஆனால் காகிதத்தில் ஒரு குழந்தைகூட விடுபடவில்லை. இலக்கு ‘முடிந்துவிட்டதால்’ அவர்களைத் தேடி யாரும் போக மாட்டார்கள். நூறைத் தாண்டிய எண்ணைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வராது, கவலைதான் வரும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சயான் ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத் தாணே நகரப் பக்கத்திலிருந்தெல்லாம் பிரசவத்துக்கு வருகிறார்கள். பிறந்ததும் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி மும்பைக் கணக்கில் ஏறும். அடுத்த ஊசிகளை அந்தக் குழந்தை சொந்த ஊரில் போட்டுக்கொள்ளும். அப்போது மும்பையில் பாதியிலேயே விட்டுவிட்ட குழந்தை போலத் தெரியும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, திருநெல்வேலிக்குப் போனேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபிறகுதான் திரும்பி வந்தேன். என் பிள்ளை எந்த ஊர்க் கணக்கில் வரும்?

தாராவியில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் இருக்கும்.

நீங்கள் இங்கே கர்ப்பமானபோது ஹெல்த் போஸ்ட்டில் பேர் எழுதியிருப்பீர்கள். ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ ரயிலேறிப் போனதும் ஊரில் நர்ஸம்மா மறுபடி பேர் எழுதி, பிக்மி நம்பர் (கர்ப்பிணிக்கு அரசு தரும் பதிவு எண்) போட்டிருப்பார். அது இருந்தால்தான் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சுலபம். பிரசவம் அங்கே, பிறப்புப் பதிவும் அங்கே. பிசிஜி, பிறந்ததும் போடும் மஞ்சள்காமாலை ஊசி, முதல் போலியோ சொட்டு, ஆறாவது வாரத்தில் முதல் பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி) எல்லாம் அங்கே. பத்தாவது வாரத்து இரண்டாவது பென்டாவும் அங்கேயே ஆகியிருக்கலாம். அப்புறம் மும்பைக்கு வந்து, 14-ஆவது வாரத்தில் போட வேண்டிய மூன்றாவது பென்டாவை இங்கே போடுகிறீர்கள்.

இப்போது இரண்டு ஊர்க் கணக்கையும் பாருங்கள். மும்பையில் உங்கள் பெயர் கர்ப்பிணிப் பட்டியலில் இருக்கிறது, குழந்தை பட்டியலில் இல்லை. திருநெல்வேலியில் குழந்தை பட்டியலில் இருக்கிறது, ஆனால் மூன்றாவது பென்டாவுக்கு வரவில்லை. அங்கே ‘பாதியில் விட்டவர்’, இங்கே ‘திடீரென்று வந்தவர்’. உங்கள் பிள்ளைக்கு எல்லா ஊசியும் நேரத்துக்குப் போட்டிருந்தும், இரண்டு ஊர்க் கணக்கும் தப்பாகிவிடுகிறது.

இதைவிட மோசமானது, உண்மையிலேயே விடுபடும் குழந்தை. ஊரில் நர்ஸம்மா ‘பாம்பே போய்ட்டாங்க, அங்க போட்டுப்பாங்க’ என்று நினைக்கிறார். இங்கே ஆஷா (அந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளர்) ‘கிராமத்துக்குப் போயிருக்காங்க, அங்க போட்டிருப்பாங்க’ என்று எழுதிக்கொள்கிறார். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் நினைக்கிறார்கள். நடுவில் பிள்ளைக்கு ஊசி இல்லை. அதனால் என்னோடு வேலைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ‘ஊருக்குப் போயிருக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டுக் கிளம்பாதீர்கள். போன் நம்பர் வாங்குங்கள், கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், திரும்பி வரும் மாதத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி அந்தக் கதவைத் தட்டுங்கள்.

மொத்தக் குழந்தைகள் எத்தனை என்று தெரியாமலே கணக்கைச் சோதிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதல் பென்டா போட்டவர்கள் எத்தனை பேர், மூன்றாவது பென்டா போட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். முதலாவது 200, மூன்றாவது 170 என்றால் 30 பேர், அதாவது 15 சதவீதம் நடுவில் நின்றுவிட்டார்கள். இதற்கு மக்கள்தொகை எண் தேவையே இல்லை, மேலே கீழே இரண்டுமே அதே பதிவேட்டிலிருந்து வருகின்றன. முதல் பென்டாவே போடாத குழந்தையை ‘ஜீரோ டோஸ்’ குழந்தை என்கிறார்கள். அந்தக் குழந்தை மட்டும் இந்தக் கணக்கில் வராது.

மூன்றாவது பென்டா எண்ணிக்கை முதலாவதைவிட அதிகமாக வந்தால் பலர் ‘பதிவு தப்பு’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். எழுதியதில் பிழை இருக்கலாம், அதைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பகுதி போல, பிள்ளைகள் மூன்று நான்கு மாதத்தில் வெளியூரிலிருந்து வந்து சேரும் இடத்தில் அது சரியான பதிவாகவும் இருக்கலாம். ஊரின் வழக்கம் தெரியாமல் எண்ணைத் திருத்தக் கூடாது.

தேசிய ஆய்வில் ஒவ்வொரு ஊசிக்கும் நல்ல சதவீதம் இருக்கிறது. ‘முழுமையாகப் போட்டவர்கள்’ மட்டும் ஏன் குறைவு?

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் பிசிஜி போட்டவர்கள் 95.2 சதவீதம். தட்டம்மை தடுப்பூசி முதல் டோஸ் 87.9, மூன்று பென்டா அல்லது டிபிடி (மூன்று நோய்க்கான ஊசி) 86.7, மூன்று போலியோ டோஸ் 80.5. இவை அனைத்தும் போட்டவர்கள் 76.4 சதவீதம். முந்தைய ஆய்வில் இது 62.0 ஆக இருந்தது, ஆகவே நல்ல முன்னேற்றம்தான்.

ஒவ்வொரு ஊசியையும் விடுவது அதே குழந்தைகள் இல்லை. ஒருவருக்குத் தட்டம்மை ஊசி இல்லை, இன்னொருவருக்கு மூன்றாவது பென்டா இல்லை. விடுபட்டவர்களை எல்லாம் கழித்தால், மிச்சம் இருப்பவர்கள் எந்தத் தனி ஊசியின் எண்ணைவிடவும் குறைவாகத்தான் இருப்பார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 12 முதல் 23 மாதக் குழந்தைகளைப் பார்ப்பதால், அவர்களின் ஆறாவது, பத்தாவது வார ஊசிகள் ஏறக்குறைய ஒரு வருஷமோ அதற்கும் மேலோ முன்னால் போட வேண்டியவை. ஆய்வு சொல்வது, அது நடந்ததற்கு முந்தைய ஆண்டின் கதை.

நாட்டில் ஆண்டுக்குச் சுமார் இரண்டேகால் கோடிக் குழந்தைகள் பிறக்கிறார்கள். ஒரு சதவீதம் என்று நாம் லேசாகச் சொல்வது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்.

கார்டு இல்லை, அம்மா வாயால் சொல்கிறார். அதை எழுதலாமா?

எழுதலாம், தேசிய ஆய்வும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ‘கார்டு பார்த்தது’, ‘அம்மா சொன்னது’ என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

அம்மாக்கள் பொய் சொல்வதில்லை. ஒன்றரை வயதுக்குள் இத்தனை ஊசி, இத்தனை சொட்டு என்றால் யாருக்கு நினைவிருக்கும்? ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்பது பெரும்பாலும் ‘கூப்பிட்ட போதெல்லாம் போனேன்’ என்பதுதான். ‘எல்லாம் போட்டாச்சா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். அதனால் உடம்பைக் காட்டிக் கேட்க வேண்டும். பிறந்ததும் இடது தோள்பக்கத்தில் போட்டு, பிறகு சின்னத் தழும்பு வந்ததா? அது பிசிஜி. சில குழந்தைகளுக்குத் தழும்பு வராது, அதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஒன்றரை மாதத்தில் இடது தொடையில் போட்டார்களா, அன்று ராத்திரி காய்ச்சல் வந்ததா, அதேபோல மறுபடி எத்தனை தடவை போட்டார்கள்? அது பென்டா. ஒன்பது மாதம் முடிந்து வலது கையில் போட்டது தட்டம்மை–ரூபெல்லா.

அதிகம் குழம்புவது சொட்டு மருந்து. ஞாயிற்றுக்கிழமை போலியோ முகாமில் ஊற்றியது தனி, ஊசி போடும் நாளில் ஊற்றியது தனி. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் வாயில்தான் கொடுக்கிறார்கள். எல்லாமே ‘சொட்டு’தான் அம்மாவுக்கு. ‘சொட்டு கொடுத்த அன்று ஊசியும் போட்டார்களா?’ என்று கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கார்டில் தேதியும் பார்க்கச் சொல்கிறீர்களே, டிக் இருந்தால் போதாதா?

போதாது. பென்டா ஆறு வாரத்துக்கு முன் போடக் கூடாது, இரண்டு டோஸுக்கு நடுவில் குறைந்தது நாலு வாரம் வேண்டும். முன்கூட்டியே போட்டது எண்ணிக்கையில் வரும், பாதுகாப்பில் முழுதாக வராது. அதேபோல ஒன்பதாம் மாத ஊசியை ஒன்றரை வயதில் போட்டால் சதவீதம் கெடாது, ஆனால் நடுவில் அத்தனை மாதமும் அந்தப் பிள்ளை பாதுகாப்பில்லாமல் இருந்தது.

எத்தனை வீடு பார்த்தால் போதும்?

பல காலமாக உலகம் முழுக்க நடந்த முறை, 30 இடங்களைத் தேர்ந்தெடுத்து இடத்துக்கு ஏழு குழந்தைகள், ஆக 210 குழந்தைகள் என்பது. அதில் வரும் விடை கிட்டத்தட்ட 10 புள்ளி மேலேயோ கீழேயோ நகரக்கூடியது. 80 என்று வந்தால் உண்மை 70 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். ஆகவே ‘போன வருஷம் 78, இந்த வருஷம் 83, முன்னேற்றம்’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்தடுத்த வீடாகப் போவதும் அந்தப் பழைய முறையில் உண்டு. அதில் கதவு திறந்திருக்கும் வீடு, வழி சுலபமான வீடு தானாகவே அதிகம் சேர்ந்துவிடும். இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, எந்த வீடு என்பதை முன்கூட்டியே குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடு, அந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாதே, திரும்பி வா என்பது.

பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது வீண் வேலை இல்லையா?

இல்லவே இல்லை. பகலில் பூட்டியிருப்பது யாருடைய வீடு? கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. குழந்தையைப் பாட்டியிடமோ பக்கத்திலோ விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கு மாட்டுங்காவுக்கோ பாந்திராவுக்கோ போகிற அம்மாவின் வீடு. ஊசி போடும் நாளும் பகலில்தான். ஆகவே ஆய்வில் தப்புகிற அதே குழந்தைதான் ஊசியிலும் தப்புகிறது. அந்த வீட்டை விட்டுவிட்டுத் திறந்திருக்கும் வீட்டை எழுதினால், சதவீதம் தானாக ஏறிவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போக வேண்டும்.

மாடி வீடுகளும் அப்படித்தான். தாராவியில் கீழே ஒரு குடும்பம், வெளியே இரும்பு ஏணி வைத்து மேலே வாடகைக்கு இன்னொரு குடும்பம். கதவை எண்ணினால் ஒன்று, அடுப்பை எண்ணினால் இரண்டு. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புப் பேச்சு நடக்கும் நேரத்தில், யார் நோட்டோடு வந்தாலும் வீட்டுக் கணக்கு எடுக்கிறார்களோ என்று பயம். ‘மேல யாரும் இல்ல’ என்று கீழிருந்தே சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் முதலில் குழந்தையின் பேரைக் கேட்பேன், வீட்டுக் காகிதம் பற்றி எதுவும் கேட்க மாட்டேன் என்று தெளிவாகச் சொல்வேன். ‘இங்கே எத்தனை சின்னக் குழந்தைகள் அழும் சத்தம் கேட்கிறது?’ என்று பக்கத்து அக்காவிடம் கேட்டால் மேல்மாடிப் பிள்ளையும் கணக்கில் வந்துவிடும்.

90 சதவீதம் நல்ல எண்தானே? பத்து பேர் விடுபட்டால் என்ன?

தட்டம்மைக்கு அது போதாது. இங்கே கோவர் என்று சொல்லும் அந்த நோய், தடுப்பூசி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. அதைத் தடுக்க இரண்டு டோஸும் 95 சதவீதத்துக்குக் குறையாமல் வேண்டும். ஒன்பதாம் மாதம் போடும் முதல் டோஸ் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் எதிர்ப்புச் சக்தி தருகிறது. நூறில் 90 பேருக்குப் போட்டால், பாதுகாப்புக் கிடைப்பது 76, 77 பேருக்கு. அதனால்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ். விடுபட்டவர்கள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வருவார்கள்.

அந்தப் பத்துப் பேர் நகரம் முழுக்கப் பரவலாக இருப்பதும் இல்லை. ஒரு வார்டின் சராசரி 92 என்றாலும் அதற்குள் ஒரு கல்லியில் (சந்தில்) 60 ஆக இருக்கும். நோய் சராசரியைப் பார்த்து வருவதில்லை, அந்தக் கல்லிக்குத்தான் வருகிறது. 2022-இன் கடைசி மாதங்களில் மும்பையின் கோவண்டிப் பக்கம் தட்டம்மை பரவி, குழந்தைகள் இறந்தார்கள். அப்போது மாநகராட்சி வீடு வீடாகப் போய், ஊசி போடாத பிள்ளைகளைத் தேடியது. அந்தத் தேடல் நோய் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டியது. சராசரியை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் எந்த அறிக்கையையும் என்னால் ஏற்க முடியாது. கல்லி வாரியாகக் காட்டுங்கள் என்றுதான் கேட்பேன்.

தனியார் டாக்டரிடம் போட்டால் கணக்கில் வருமா?

டாக்டர் அரசுக்கு விவரம் கொடுத்தால் வரும், கொடுக்காவிட்டால் வராது. வீட்டாய்வில் அவர் தந்த புத்தகத்தைக் காட்டினால் போதும். ஆறு நோய்க்கு ஒரே ஊசியாகப் போட்டிருந்தால் அதில் பென்டாவும் அடங்கும், எம்எம்ஆர் என்று இருந்தால் அதில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டும் அடங்கும்.

செலவான மருந்துக் குப்பிகளை எண்ணினால் தெரிந்துவிடாதா?

தெரியாது. பிசிஜி, தட்டம்மை–ரூபெல்லா குப்பிகளை மருந்து கலந்த நாலு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பத்து டோஸ் குப்பியை இரண்டு குழந்தைகளுக்காகத் திறந்தால் மிச்சத்தை வீசத்தான் வேண்டும், வீசுவதுதான் சரி. குப்பிக் கணக்கு இருப்பைப் பார்க்க உதவும்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால்?

எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று தெரியும். தட்டம்மையில் அது ஊசியால் வந்ததா, நோய் வந்து போனதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போலியோவுக்கு விரலில் மை வைத்தார்களே, அது எதற்கு?

அது அளவிடும் முறைதான். சொட்டு கொடுத்ததும் இடது சுண்டு விரலில் மை. பிறகு சம்பந்தமில்லாத வேறு ஆட்கள் வந்து, சந்தையிலும் தெருவிலும் விரலைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்த வீட்டின் சுவரில் ‘பி’ எழுதுவார்கள், விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’. எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். கொடுத்தவரே மதிப்பெண் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் பலம். நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லை என்று சான்று கிடைத்தது.

தடுப்பூசிகளைப் பதியும் அரசின் ஆன்லைன் தளம் யூ-வின் வந்துவிட்டதே, இனி எல்லாம் சரியாகிவிடுமா?

நிறைய உதவும். எந்த ஊரில் போட்டாலும் ஒரே பதிவில் ஏறும், சான்றிதழும் போனிலேயே கிடைக்கும். நம்மைப் போல இரண்டு ஊர்க் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. ஆனால் ஊரில் அப்பாவின் (குழந்தையின் தாத்தாவின்) நம்பர், மும்பையில் கணவரின் நம்பர் என்று கொடுத்தால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகப் பதிவாகக்கூடும். இரண்டு இடத்திலும் ஒரே நம்பரைக் கொடுங்கள், இங்கே வந்ததும் ‘முன்னாடியே பதிவு இருக்கு’ என்று சொல்லுங்கள். பதிவே ஆகாத குழந்தையை யூ-வின்னாலும் காட்ட முடியாது. அதற்கு ஏணி ஏறித்தான் ஆக வேண்டும்.

மழையில் கார்டு நனைந்து போய்விட்டது. முதலிலிருந்து எல்லாம் போட வேண்டுமா?

முதலில் ஊசி போட்ட இடத்தில் கேளுங்கள், பதிவேட்டில் தேதி இருக்கும். ஊரில் போட்டது என்றால் நர்ஸம்மாவுக்குப் போன் செய்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் விட்டுப்போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எதுவுமே தெரியாவிட்டால் சோட்டா சயானிலோ (தாராவியில் உள்ள மாநகராட்சிச் சுகாதார மையம்) ஹெல்த் போஸ்ட்டிலோ டாக்டரிடம் காட்டுங்கள், எதை மறுபடி போடலாம் என்று வயதைப் பார்த்துச் சொல்வார். புதுக் கார்டு வாங்கியதும் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, குழந்தையின் அப்பாவுக்கும் ஊரில் உங்கள் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள்.